கடல் கொண்ட தெருவில் முன்னோரைத் தேடுவது: தனுஷ்கோடிக் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலோடு தனுஷ்கோடி என்ற ஊர் முடிந்துபோனது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம் என்று ஒரு துறைமுக ஊருக்கு வேண்டியதெல்லாம் இருந்த இடம் அது. மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட, பிழைத்தவர்கள் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று சிதறினார்கள். என் அப்பத்தா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். மாமியாரையும் மூத்த பிள்ளையையும் அந்த ராத்திரியில் பறிகொடுத்தவர். அவர் இருந்த தெருவை ஒன்பது வருடமாகத் தேடுகிறேன். அதே தேடலில் இருக்கும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் சொல்லக்கூடிய பதில்களும் இவை.

தாத்தா பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்து வீட்டிலிருந்து. எல்லாரும் தாத்தா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று நேராக மேலே ஏறப் பார்க்கிறார்கள். இரண்டாவது படியிலேயே ஏணி முறிந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "உங்க மாமனார் பேரு என்ன அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "மாமனார் பேரை நான் வாயால சொல்றதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் உச்சரிக்காத தலைமுறை அது.

அடுத்த முறை போனபோது திண்ணையில் முறத்தை வைத்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "விடிஞ்சதும் தண்ணிக்கு எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். "இது நம்ம வீடு." பக்கத்தில் ஒன்று. "இது தண்டல் வீடு. அவருதான் வள்ளத்துக்குத் தலைமை." எதிரில் ஒன்று. "இது ரயில்வேக்காரர் வீடு. இது பாம்பன்காரி, ஆப்பம் சுட்டு விப்பா." இரண்டு கொட்டைகளுக்கு நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது சந்து. ஆண்கடலுக்குப் போற வழி." அன்று மொத்தம் 19 கொட்டைகள் வைத்தார். ஒரு மணி நேரத்தில் தெரு கண்முன்னே வந்துவிட்டது. அதை அப்படியே போட்டோ எடுத்தேன். இன்றுவரை என் தேடலுக்கு அதுதான் வரைபடம்.

ஆகவே "உங்க தாத்தா யாரு?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், நெருப்புக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள், பிள்ளை பெற்றபோது யார் பார்த்தார்கள், வலை எங்கே காய்ந்தது என்று கேளுங்கள். தனுஷ்கோடியில் கடலை ஒட்டிய மணலிலேயே கையளவு பள்ளம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். எந்த ஊற்றுக்கு யார் யார் போனார்கள் என்பதே தெருக்கணக்கைச் சொல்லிவிடும்.

ஒரே தெருவுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

சொல்லத்தான் செய்வார்கள். பலகை எழுதி வைத்த தெருக்கள் அல்ல அவை. என் அப்பத்தாவுக்கு அது "ஸ்டேஷன் பின்னாடி தெரு". அதே வரிசையில் பிறந்த இன்னொரு பெரியவருக்குக் "கருவாட்டுக் கொட்டகைத் தெரு". இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இரண்டு பேருமே தண்டல் வீட்டைச் சொன்னதால்தான் பிடிபட்டது.

பெயரை நம்புவதைவிடத் திசையை நம்புங்கள். தீவுக்காரர்கள் வடக்கு தெற்கு என்று அதிகம் சொல்வதில்லை. வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே குமுறும் மன்னார் வளைகுடா ஆண்கடல். "எங்க வீட்டு வாசல்ல நின்னா பெண்கடல் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரியில் பாதி ஊரைக் கழித்துவிடலாம். மிச்சத்துக்கு இன்றும் இடிந்து நிற்கும் அடையாளங்கள் இருக்கின்றன: பவளக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவர்கள், ரயில் நிலையத்தின் எச்சம், தண்ணீர்த் தொட்டி. இவற்றில் எது வீட்டுக்கு இடக்கை, எது வலக்கை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு 1964 புயலில்தான் போனதா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ஆய்வு ஒன்று, 1948–49 ஆண்டுகளிலேயே தனுஷ்கோடியின் மன்னார் வளைகுடாப் பக்கத் தரை ஏறக்குறைய 5 மீட்டர் இறங்கியதாகச் சொல்கிறது. வீடுகள், கோவில்கள், பாதைகள் அப்போதே தண்ணீருக்குள் போயின. "எங்க ஐயா காலத்துலயே கடல் ஏறிடுச்சு" என்று பெரியவர்கள் சொன்னால், புயலோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று நாம் திருத்தக் கூடாது. அவர்கள் சொல்வது வேறு தெருவாக இருக்கலாம். ஒரே குடும்பம் 15 வருட இடைவெளியில் இரண்டு முறை வீட்டை இழந்திருக்கவும் கூடும்.

பட்டா, சிட்டா எதிலாவது முன்னோர் பெயர் கிடைக்குமா?

பட்டாவில் கிடைப்பது கடினம். குடியிருப்பு வீடுகள் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலத்தில் இருந்தவை. நத்தத்தில் வீட்டுமனைக்குத் தனித்தனிப் பட்டா தரும் வேலை நடந்ததே தனுஷ்கோடி அழிந்து பல வருடங்களுக்குப் பிறகுதான். இன்னும் பின்னால் போனால் ராமநாதபுரம் ஜமீன். 1803இல் நிரந்தரத் தீர்வை பெற்ற ஜமீன் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிக்கப்படும்வரை நிலக்கணக்கு சமஸ்தானத்தின் கையில் இருந்தது. அதனால் நேரடி அரசு நிர்வாகத்தில் இருந்த மாவட்டங்களில் கிடைப்பதுபோல நூறு வருடப் பதிவேடு இங்கே வரிசையாகக் கிடைக்காது. கிராமக் கணக்கைப் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்தபோது கணக்குகள் கைமாறின. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கும்போது இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்டால் அலைச்சல் குறையும்.

பட்டாவை விடப் பத்திரம்தான் பொக்கிஷம், அதுவும் அடுத்தவர் வீட்டுப் பத்திரம். குடிசைகளை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் தெருவில் ஒரு ஓட்டு வீடோ ஒரு கடையோ கைமாறியிருந்தால் போதும். பழைய கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவார்கள் அல்லவா? இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று நான்கு எல்லை சொல்லும் அந்த வரிதான் நமக்கு வேண்டியது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நமக்கும் உறவே இருக்க வேண்டியதில்லை. என் பூட்டன் பெயர், அப்பத்தா வாயால் சொல்ல மறுத்த அந்தப் பெயர், எனக்குக் கிடைத்தது அப்படித்தான். எதிர் வரிசை ஓட்டு வீட்டை ஒருவர் விற்ற பத்திரத்தின் நகலை அவருடைய பேத்தி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். எல்லை வரியில் பூட்டன் பெயரும் அவருடைய அப்பா பெயரும் சேர்ந்தே இருந்தன.

சார்பதிவகங்களில் கிரயப் பத்திரங்களின் நகல் 1ஆம் புத்தகத்தில் நிரந்தரமாக வைக்கப்படுகிறது. பெயர்வாரி அட்டவணை, சொத்துவாரி அட்டவணை என்று இரண்டு உண்டு. சொத்துவாரி அட்டவணையைத் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் நாம் தேடுவது ஊரை. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் இவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது. விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, கையால்தான் தேட வேண்டும். அலுவலக எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருப்பதால், தனுஷ்கோடி அப்போது எந்தப் பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. ஞானஸ்நானப் பதிவு எங்கே இருக்கும்?

உங்கள் பாடு மற்றவர்களைவிட எளிது. ராமநாதபுரம் பகுதி மதுரை மறைமாவட்டத்தில் இருந்தது. 1987இல் சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தபோது அதன் கீழ் வந்தது. ஆகவே தீவிலுள்ள பங்குக் கோவில்களில் தொடங்கி, கிடைக்காவிட்டால் சிவகங்கை, அதற்கும் பிறகு மதுரை என்று போங்கள். எழுதிக் கேட்பதைவிட நேரில் போய்ப் பங்குத் தந்தையிடம் பேசுவது நல்லது.

பதிவுகள் லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். "ஃபிலியுஸ்" என்றால் மகன், "ஃபிலியா" மகள், "பத்ரினி" ஞானப் பெற்றோர். ஞானப் பெற்றோர் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோதான் நின்றிருப்பார்கள். திருமணப் பதிவு அதைவிடப் பெரிய புதையல். மாமன் மகள், அத்தை மகன் என்று முறைப்பெண் கட்டும் வழக்கம் நமக்கு உண்டு. திருச்சபைச் சட்டப்படி அது நெருங்கிய இரத்த உறவு, விதிவிலக்கு வாங்கினால்தான் கல்யாணம் நடக்கும். அந்த விதிவிலக்கைப் பதிவில் குறிக்கும்போது எத்தனையாவது படி உறவு என்றும் எழுதுவார்கள். அந்த ஒரு குறிப்பு மணமக்களின் பாட்டன் பாட்டிவரை நம்மைக் கொண்டுபோய்விடும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு? இந்துக் குடும்பங்களுக்கு?

ஜமாத்தின் நிக்காஹ் தப்தரை, அதாவது திருமணப் பதிவேட்டைக் கேளுங்கள். மணமகளின் ஜமாத்தில்தான் நிக்காஹ் எழுதப்பட்டிருக்கும் என்பதால், பெண் எடுத்த ஊர்ப் பள்ளிவாசலைத் தேட வேண்டும். தனுஷ்கோடிக்காரருக்குப் பெண் தந்த ஊர் கடலில் போகவில்லையே.

இந்துக் குடும்பங்களில் அப்படி ஒரே இடத்தில் ஏடு இல்லை. குலதெய்வக் கோவில் வரிக்கணக்கு, பங்காளிகள் பட்டியல், கல்யாணத்தில் மொய் எழுதிய நோட்டு, ஜாதகம் இவைதான். மொய் நோட்டைக் குப்பை என்று எண்ணாதீர்கள். ஊர், தகப்பன் பெயர், முறை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் ஆவணம் அது.

தாத்தா ரயில்வேயில் இருந்தார். அங்கே ஏதாவது இருக்குமா?

பணிப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். தகப்பன் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், உடலில் உள்ள அங்க அடையாளம் வரை அதில் எழுதுவார்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயில்தான் அவர் முதலில் சேர்ந்திருப்பார். 1951 ஏப்ரலில் அது வேறு இரண்டு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருந்தால், அந்தக் காகிதத்தில் உள்ள எண்ணைக் கொண்டு மதுரைக் கோட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் பதில் வருவது அரிது.

வருடமே தெரியவில்லை. "ரொம்ப காலத்துக்கு முன்னாடி" என்கிறார்கள்.

தேதி கேட்டால் யாருக்கும் தெரியாது. கப்பல் எது, ரயில் நின்றதா என்று கேளுங்கள்.

பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. "பாலம் வர்றதுக்கு முன்னாடி தோணியிலதான் வந்தாங்க" என்றால் அதற்கு முந்தைய தலைமுறை. தனுஷ்கோடி – தலைமன்னார் நீராவிக் கப்பல்களில் முதலில் வந்தவை கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். இர்வினும் கோஷனும் பின்னால் வந்தவை. இர்வின் பிரபு வைசிராயாக வந்ததே 1926இல். எனவே "இர்வின் கப்பல்ல ஐயா வேலை பார்த்தாரு" என்று சொன்னால் அது 1926க்கு முன்னால் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போன காலம் ஒன்று உண்டு. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள், சிறுவனாக இருந்த அப்துல் கலாம் அந்த வேலையில் உதவியிருக்கிறார். "ரயில் நிக்காம போன வருசம் பொறந்தவன்" என்று ஒரு பெரியப்பாவைப் பற்றிச் சொன்னால், பிறந்த வருடத்தைப் போர்க்காலத்துக்குள் அடக்கிவிடலாம்.

ஜாதகத்தில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம். புயல் அடித்தது குரோதி வருடம் மார்கழி. அதே குரோதி 1904இலும் வந்தது, 2024இலும் வந்தது. அறுபது வருடச் சுற்றில் தவறிவிட்டால் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே?

பேரன் என்றாலே பெயரன்தானே. பாட்டன் பெயர் பேரனுக்குப் போகும். அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தால், நான்கு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே பாட்டன் பெயரை வைத்திருப்பார்கள். இந்தக் குழப்பத்தை உடைப்பது பட்டப்பெயர். நெட்டையன், சுருட்டையன், கொழும்பான் என்று ஊரார் வைத்த பெயர்களைக் கூச்சப்படாமல் கேட்டு எழுதுங்கள். பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் தெரியாத பெரியவர், பட்டப்பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்.

பாட்டிமார் பெயர் எதிலுமே இல்லை.

இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஆண்களைத் தகப்பன் பெயரோடு எழுதியவர்கள், பெண்ணை "இன்னார் மனைவி" என்று முடித்துவிட்டார்கள். அப்பத்தாவின் 19 கொட்டைகளில் ஆறு பெண்கள் தலைமையில் இருந்த வீடுகள். ஒருவருக்கும் பெயர் வரவில்லை. பாம்பன்காரி, மண்டபத்துக்காரி, மூத்தவள், தாதி வீடு. ஆனால் இவற்றிலும் ஒரு துப்பு இருக்கிறது. "பாம்பன்காரி" என்பது பிறந்த ஊர். அந்த ஊரில் போய், "இங்கேருந்து தனுஷ்கோடிக்குக் கட்டிக் கொடுத்தது யாரு?" என்று கேட்கலாம். தனுஷ்கோடி அழிந்தாலும் பிறந்த வீட்டார் மகளை மறந்திருக்க மாட்டார்கள். அப்படித்தான் ஆறில் மூன்று பெயர்களைக் கண்டுபிடித்தேன்.

குடும்பத்தில் பாதிப் பேர் இலங்கையில் இருந்தார்கள். அங்கே எப்படித் தேடுவது?

இது தனியாகவே ஒரு நூல் எழுதும் அளவுக்கு விரியும். இங்கே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. கருவாட்டு வியாபாரம், கடைவேலை, தோட்டவேலை என்று எதற்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து ஆவணம் மாறும். தோட்டத்துக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கித்தான் கப்பலேறினார்கள். இலங்கையிலேயே குடியுரிமை கேட்டவர்கள் அந்நாட்டின் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தபோது, தொடர்ந்து குடியிருந்ததையும் குடும்ப விவரத்தையும் காட்ட வேண்டியிருந்தது. புயலுக்கு எட்டு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 30இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டை எங்காவது பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளிக்கூடப் பதிவு உதவுமா?

உதவும். 1965 ஜனவரிக்குப் பிறகு தனுஷ்கோடிப் பிள்ளைகள் சேர்ந்த பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில், "முன்பு படித்த பள்ளி" என்ற பத்தியைப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனை?

கொள்வினை கொடுப்பினை எல்லாம் அதே நாலைந்து ஊருக்குள் நடந்ததால், உறவு என்று மட்டும் சொல்லும், எந்த உறவு என்று தெளிவாகச் சொல்லாது. நான் செய்யவில்லை.

புயலில் போனவர்களுக்கு இறப்புச் சான்று இருக்குமா?

பெரும்பாலானவர்களுக்கு உடலே கிடைக்கவில்லை. அந்த இரவு பாம்பனிலிருந்து கிளம்பி, கடல் அடித்துக்கொண்டுபோன 653ஆம் எண் பயணிகள் ரயிலில் 115 பேர் இருந்தார்கள் என்பது கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். மொத்தத்தில் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பீடு. ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்ற சட்ட விதியைக் கொண்டு நீதிமன்றம் போனவர்கள் சிலர் இருக்கலாம். சொத்தோ ஓய்வூதியமோ இல்லாத குடும்பத்துக்கு அதற்கு என்ன அவசியம் வந்திருக்கும்?

ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் திதி இருக்கிறது. மார்கழித் தேய்பிறையில் யார் யார் வீட்டில் திதி கொடுக்கிறார்கள், யார் யார் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். என் அப்பா வருடாவருடம் சொல்லும் பெயர்களில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்தது. யாரென்று கேட்டேன். பக்கத்துத் தண்டல் வீட்டுப் பிள்ளையாம். அந்த வீட்டில் ஒருவருமே மிஞ்சாததால் அப்பத்தா தன் பிள்ளையோடு சேர்த்து அவனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லியிருந்தார்.

இதைக் கேட்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பேச்சு அந்த ராத்திரிக்கு வந்ததும் சிலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். விட்டுவிடுங்கள். ரெக்கார்டரை அணைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் அவர்களே பேசுவார்கள்.

கண்டுபிடித்ததையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி போடலாமா?

உங்கள் குடும்பத்தை மட்டும். பழைய பதிவேடுகளில் சாதி, ஏழ்மை, இரண்டாம் தாரம், கடன் எல்லாம் எழுதியிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் நமக்குத் தந்த உதவி அது, அவர் பேரப்பிள்ளைகளைக் கேட்காமல் வெளியிடக் கூடாது.

நேரில் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு, வரைபடத்தோடு போனால். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன், காலை வெயில் ஏறுமுன் போங்கள். இரண்டு வருடம் முன்பு, புளியங்கொட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தின் எச்சத்திலிருந்து நடந்தேன். அப்பத்தாவை வீடியோ அழைப்பில் வைத்திருந்தேன். "தொட்டி இடக்கைப் பக்கம் வரணும்... இன்னும் போ... போ... நில்லு" என்றார். நின்ற இடத்தில் மணலும் அடப்பங்கொடியும்தான். காலால் தள்ளியபோது பவளக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அது எங்கள் வீட்டுக் கல்தான் என்று சொல்ல மாட்டேன். அப்பத்தா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

19 கொட்டைகளில் 14 வீடுகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஐந்து மிச்சம். அதில் ஒன்று அந்தப் பாம்பன்காரி. ஸ்டேஷனுக்குப் பின்னால், சந்து முனையில், விடிகாலையில் ஆப்பம் சுட்டு விற்றவர். இடது கையில் தீக்காயத் தழும்பு. கூடவே ஒரு பெண் பிள்ளை, அப்போது எட்டு வயதிருக்கும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அப்பத்தாவுக்கு இப்போது 91 வயது.